ராயபுரத்துக் கஞ்சித் தொட்டி

சென்னை மாநகரின் வடகோடியில், எண்ணூர்க் கழிமுகத்திற்குச் சற்றுத் தெற்கே, பக்கிங்காம் கால்வாயின் மேல்கரையை அடுத்து அமைந்திருக்கும் மணலியை இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் உள்ள ஊராகவே பலரும் அறிவர். ஆயினும், 1969-இல் அந்தச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்குவதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வூர்ப் பெயர் தர்மத்தினாலும் சங்கீதத்தினாலும் கீர்த்தி பெற்றிருந்தது. கவர்னர் பிகட் துரையிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார், கிழக்கிந்தியக் கம்பெனியார் இடித்துவிட்ட பழைய பட்டணம் கோவிலுக்கு ஈடாகச் சென்ன கேசவருக்கும் சென்ன மல்லீசுவரருக்கும் புதிய ஆலயம் எழும்ப முன்னின்றவர். சங்கீத வித்துவான் ராமஸ்வாமி தீக்ஷிதரை அழைத்துவந்து ஆதரித்தவரும் அவரே. வந்தவருக்கு அன்னமும் வழிப்போக்கருக்குத் தங்குமிடமும் அளிப்பது செல்வர்க்குரிய கடமை என்ற எண்ணம் இந்தப் பிரதேசத்தில் ஆழ வேரூன்றியிருந்தது என்பதை நினைவூட்டவே இதை முதலில் குறிப்பிடுகிறேன். ஏனெனில், கிறிஸ்தவ சமயத்தார் வடசென்னையில் செய்த பரோபகாரப் பணிகளை ஆராயுங்கால், கடல் கடந்த தேசங்களின் தேவாலயங்களில் விழுந்த காணிக்கை இங்கே தனித்து நின்று பயன் தந்ததாகத் தெரியவில்லை; இந்நாட்டுச் சத்திர தர்மத்தோடு கலந்த இடங்களிலேயே அது நிலைபெற்றது.

ராயபுரத்தை ஒட்டியுள்ள ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னை முதியவர்கள் இன்றும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். மணியக்காரர் சத்திரத்தில் தொட்டிகளில் கஞ்சி வார்த்து, பட்டினியால் வாடிவந்த ஜனங்களுக்கு வழங்கிய காலத்தின் நினைவு அப்பெயரில் தங்கியிருக்கிறது. அது 1782-ஆம் ஆண்டு. அந்தக் கஞ்சியை அவசியமாக்கிய க்ஷாமம் போரினால் விளைந்தது. வானத்தின்மேல் பழிபோட அதில் அதிக இடமில்லை. ஆகவே, சமாதானத்தின் பொருட்டு நடந்து, பலிக்காமற்போன ஒரு பிரயத்தனத்திலிருந்து இவ்வரலாற்றைத் தொடங்குவதே பொருத்தமாகும்.

பிரஷ்ய தேசத்தில் 1726-இல் பிறந்து, 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய கிறிஸ்டியன் பிரடெரிக் ஸ்வார்ட்ஸ் என்னும் லுத்தரன் பாதிரியார், திருச்சிராப்பள்ளியிலும் பின்பு தஞ்சாவூரிலும் வாழ்ந்து, தமிழும் இந்துஸ்தானியும் பாரசீகமும் பயின்று, அரசரும் படைவீரரும் குடியானவரும் ஒருங்கே நம்பத்தக்க மனிதராக விளங்கியவர். 1779-இல் சென்னைக் கவர்னராக இருந்த ரம்போல்டு, மைசூர் மன்னர் ஹைதர் அலியின் உட்கருத்தை அறிந்துவரவும், கம்பெனியார் சமாதானத்தையே நாடுகின்றனர் என்று எடுத்துரைக்கவும் இவரை ஸ்ரீரங்கப்பட்டணத்திற்குத் தூது அனுப்பினார். இரத்தம் சிந்தாமல் தடுக்க முயல்வது தம் சமய ஊழியத்திற்குப் புறம்பானதன்று என்று தெளிந்த பிறகே ஸ்வார்ட்ஸ் இதற்கு இசைந்தார். ஹைதர் அவரை மரியாதையுடன் வரவேற்று உரையாடி, விடைபெறும்போது வழிச்செலவுக்கென்று முந்நூறு ரூபாயும் கொடுத்தனுப்பினார். அத்தொகையைத் தமக்கென வைத்துக்கொள்ள மனமில்லாத பாதிரியார் அதை அரசாங்கத்தாரிடம் ஒப்படைக்க முற்பட, அவர்கள் ஏற்க மறுக்கவே, தஞ்சையில் ஒரு தர்மப் பள்ளிக்கூடம் அமைப்பதற்குரிய நிதிக்கு அதையே முதற்பணமாக்கினார். போர்மூளும் தறுவாயில் பகைவர் எனக் கருதப்பட்ட ஒருவர் தந்த பணம் பள்ளிக்கு வித்தானது, அந்தத் தூதினால் கிட்டிய ஒரே பலன் என்று சொல்லலாம்.

மறு ஆண்டு ஜூலையில் ஹைதரின் சேனை கர்நாடகச் சமவெளியில் இறங்கியது. செப்டம்பர் 10-ஆம் தேதி பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. ஏரிகள் உடைந்தன, பயிர்கள் எரிந்தன, ஊர்கள் பாழாயின. அவ்வளவு குரோதத்திற்கிடையிலும் அந்த முதிய பாதிரியாரைத் தடையின்றிப் போகவிடும்படி ஹைதர் தம் அதிகாரிகளுக்குக் கட்டளையிட்டிருந்தார் என்பது கவனிக்கத்தக்கது. தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் தாண்டவமாடியபோது, நாட்டுப்புறத்தில் நெல் இருந்தும், அதை ஏற்றிவர மாடுகள் கிடைக்கவில்லை. முன்பு பலமுறை விலை கிடைக்காமல் ஏமாந்திருந்த குடியானவர்கள் அரசரையும் நம்பவில்லை, கம்பெனியாரையும் நம்பவில்லை. பணத்துக்குத் தாமே ஜாமீன் என்று ஸ்வார்ட்ஸ் சொல்லியனுப்பிய பிறகே மாடுகள் வந்தன, நெல்லும் வந்தது. வரப்போகும் ஆபத்தை முன்பே உணர்ந்து அவர் வாங்கிச் சேமித்து வைத்திருந்த தானியமும் அக்காலத்தில் பலருக்கு உயிர் தந்தது. நிவாரணம் என்பதற்குத் தானியத்தைக் காட்டிலும் முதன்மையான மூலதனம் நம்பிக்கையே என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியை நம் சரித்திரத்தில் நான் கண்டதில்லை.

சென்னையிலோ நிலைமை இன்னும் கொடியதாயிற்று. செங்கற்பட்டுச் சீமையிலிருந்தும் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்தும் வீடுவாசல் இழந்து ஓடிவந்தவர்கள், கோட்டைக்கு வெளியே சுதேசிகள் வாழ்ந்த கறுப்பர் பட்டணத்தின் மதிலைச் சுற்றிக் குவிந்தனர். தானியம் கடல்வழியாகவே வரவேண்டியிருந்தது. அதற்கும் வழி அடைபட்டாற்போல, 1782 அக்டோபர் மத்தியில் வீசிய பெரும்புயலில் அரிசி ஏற்றிவந்த கப்பல்களும் நாட்டுப் படகுகளும் சென்னைக் கரையில் மோதிச் சிதைந்தன. இத்தருணத்தில் நிவாரண நிதி திரட்டப்பட்டு, பட்டணத்தின் வடமதிலுக்கு வெளியே இருந்த மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி வார்ப்பது தொடங்கியது. செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருந்த தூய மரியன்னை ஆலயத்தின் நிர்வாக சபையார், அதாவது அக்காலத்தார் வெஸ்திரி என்று வழங்கியவர்கள், தர்மப் பள்ளியையும் ஏழைகளுக்குரிய நிதியையும் அதற்கு முன்பே பல தலைமுறைகளாகப் பராமரித்து வந்தவர்கள். ஞாயிறுதோறும் காணிக்கையாகச் சேர்ந்த பணத்தை ஏழைகளின் பொருட்டுக் கணக்கெழுதிக் காக்கும் பழக்கம் சென்னையில் அவர்களால் வேரூன்றியது. கணக்கு வைக்கும் இந்த ஒழுங்கும், வாசலுக்கு வந்தவரை இன்னார் என்று கேளாமல் உட்கார வைக்கும் சத்திர மரபும் வடமதிலின் வெளிப்புறத்தில் ஒன்றையொன்று சந்தித்தன என்றே நான் கருதுகிறேன்.

பஞ்சம் தீர்ந்தது, கஞ்சி நின்றுவிடவில்லை. முதியோரும் முடவரும் நோயாளிகளும் அங்கேயே தங்கிவிட்டனர். கஞ்சியால் மட்டும் அவர்களைத் தேற்ற இயலாது என்று கண்ட கம்பெனி வைத்தியர் ஜான் அண்டர்வுட், 1799-இல் சுதேசிகளுக்கான வைத்தியசாலை ஒன்றை அங்கே தொடங்கினார். பிற்பாடு அது அரசாங்கத்தின் பராமரிப்புக்கு வந்தது. வெங்கடகிரி ராஜாவின் சத்திரமும் அதனுடன் சேர்ந்தது. 1880-இல் ராஜா சர் ராமஸ்வாமி முதலியாரின் கொடையால் பக்கத்திலேயே பிரசவ ஆஸ்பத்திரி எழுந்தது. 1934-இல் கவர்னர் ஸ்டான்லி திறந்துவைத்த வைத்தியப் பள்ளி, பின்பு அவர் பெயரைப் பெற்று, 1938-இல் கல்லூரியாக உயர்ந்தது. முதியோர் இல்லமாக மணியக்காரர் சத்திரம் நம் காலம் வரையில் நடந்துவருகிறது.

இனி, தாது வருஷத்துப் பஞ்சம் என்று தமிழர் மறக்கவியலாத 1876–78 க்ஷாமத்திற்கு வருவோம். தென்னிந்தியாவில் மாண்டோர் தொகை ஐம்பது லட்சத்தை எட்டும் என்று மதிப்பிடுவோர் உண்டு. அப்போது ரயில் இருந்தது. ராயபுரத்து நிலையம் திறந்து இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன. துறைமுகம் கட்டத் தொடங்கியிருந்தனரேயன்றி முடியவில்லை. ஆகவே கப்பல்களில் வந்த அரிசி மூட்டைகளில் பெரும்பகுதியை ராயபுரத்துப் படகோட்டிகளே மசூலாப் படகுகளில் ஏற்றி, அலைகளைத் தாண்டிக் கரை சேர்த்தனர். அவர்களிற் பலர் அர்ச். ராயப்பர் (புனித பேதுரு) ஆலயத்துக் கத்தோலிக்கர்கள். உலகத்து உபகாரம் எதுவாயினும் இந்நகரத்திற்குள் நுழைவதற்கு முன் அவர்கள் தோளில் ஏறியே வந்தது என்பதை இவ்வரலாற்றில் எவரும் சொல்வதில்லை. சொல்லத்தக்கது என்பது என் எண்ணம்.

கடற்கரையில் தானியம் மலையாகக் குவிந்து, மழையில் நனைந்து கெட்டுக்கொண்டிருக்க, அதை வாங்கக் கையில் காசில்லாத ஜனங்கள் தெருவோரத்தில் விழுந்து மடிந்தனர். பஞ்ச வேலைகளில் ஈடுபட்ட கூலிகளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஏதோ சில்லறையும் போதும் என்று இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்டு டெம்பிள் விதித்தார். உழைக்கும் உடலுக்கு அது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் விடாது வாதாடினார். மணலிக்கும் எண்ணூருக்கும் அருகாகச் சென்ற வடகால்வாய், பாசில் காக்ரேன் என்பவரால் 1806-இல் வெட்டப்பட்டது. அதனைத் தெற்கே கூவத்திலிருந்து அடையாறு வரையில் ஏறத்தாழ ஐந்து மைல் நீட்டி இணைத்த வேலை, இந்தப் பஞ்சத்தில் கூலிக்கு வந்த எலும்புந்தோலுமான மனிதர்களின் கைகளால் முடிந்தது. கால்வாய்க்கு அப்போதைய கவர்னரான பக்கிங்காம் பிரபுவின் பெயர் நிலைத்தது; வெட்டியவர்களின் பெயரை எழுதிவைத்தார் இல்லை.

1877 ஆகஸ்டில் பக்கிங்காம் பிரபுவின் தலைமையில் சென்னையிற் கூடிய சபை, இங்கிலாந்து ஜனங்களிடம் உதவி கோரித் தந்தி அனுப்பியது. லண்டன் மேயரின் மாளிகையில் திறந்த நிதிக்கு ஐந்து லட்சம் பவுனுக்கு மேல் வந்து குவிந்தது. அதில் பிரபுக்களின் கொடை இருந்தது போலவே, ஊர்தோறும் தேவாலயங்களில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின்போது தொழிலாளரும் குழந்தைகளும் இட்ட செப்புக் காசுகளும் இருந்தன. நிதிக் கமிட்டியின் காரியதரிசியாக உழைத்தவர் மெட்ராஸ் டைம்ஸ் பத்திரிகையின் ஆசிரியர் வில்லியம் டிக்பி. அவர் பின்னர் எழுதிய பஞ்ச வரலாறு இன்றளவும் ஆதாரமாகத் திகழ்கிறது. மாகாணமெங்கும் அமைந்த உள்ளூர்க் கமிட்டிகளில் இந்துக்களும் முஸ்லிம்களும், புராட்டஸ்டண்டு மிஷனரிகளும் கத்தோலிக்கக் குருமாரும் ஒருங்கே அமர்ந்து பங்கீடு செய்தனர்.

அந்த நிதியின் சிறப்பு தொகையின் பெருமையில் இல்லை என்பது என் துணிபு. உயிரைக் காப்பாற்றும் பொறுப்பு அரசாங்கத்துடையது; அதற்கு அப்பாற்பட்டதைத் தர்மம் செய்யட்டும் என்று வகுத்துக்கொண்டதனால், மழை பெய்ததும் குடியானவனைப் பழைய நிலையில் நிறுத்துவதே நிதியின் பெரிய நோக்கமாயிற்று. விதை நெல், உழவு மாடு, கலப்பை, கூரைக்கு ஓலை, மானங்காக்கத் துணி ஆகியவற்றிற்கே பெரும்பணம் செலவாயிற்று. முகாமுக்கு வந்து கையேந்த நாணி வீட்டுக்குள்ளேயே பட்டினி கிடந்த குடும்பங்களைத் தேடிச்சென்று உதவவும் ஏற்பாடு இருந்தது. கஞ்சி கொடுத்தவன் புறப்பட்ட பிறகு அடுத்த போகத்துக்கு அந்தக் குடும்பம் என்ன செய்யும் என்ற கேள்வியை இவ்வளவு பெரிய அளவில் எழுப்பி, விடை காணவும் முயன்ற ஏற்பாடு அதற்கு முன் இங்கே இருந்ததாகத் தெரியவில்லை. இந்நாளில் வளர்ச்சிப் பணி என்று நாம் மதித்துப் பேசுவதன் தொடக்கத்தை நான் இங்கேதான் காண்கிறேன்.

இவ்விடத்தில் கூறாமல் விடலாகாத செய்தி ஒன்றுண்டு. அந்தப் பஞ்சத்திலும் அதையடுத்தும் திருநெல்வேலிச் சீமையில் பல்லாயிரவர் கிறிஸ்தவ சபைகளிற் சேர்ந்தனர். கால்டுவெல் அத்யக்ஷரும் சார்ஜெண்டு அத்யக்ஷரும் தலைமை தாங்கிய சபைகள் ஓரிரு ஆண்டுகளில் பெருகியதைக் கண்டு, சோற்றுக்காக நேர்ந்த மதமாற்றம் என்று பலர் குறைகூறினர். துன்பத்தில் அருகிருந்தவர்களிடம் ஜனங்கள் மனமுவந்து வந்தனர் என்று மிஷனரிகள் மறுமொழி கூறினர். இரண்டிலும் உண்மை கலந்திருக்கக் கூடும். பசித்தவனிடம் உணவைத் தவிர வேறெதையும் பேசாதிருப்பதே தர்மத்திற்கு உயர்ந்த இலக்கணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், பசித்தவன் எந்தக் கதவைத் தட்டினான், எந்தக் கதவுகள் அவன் ஜாதியைக் கேட்டு மூடிக்கொண்டன என்பதையும் சேர்த்து விசாரிப்பதே நியாயமான விசாரணையாகும்.

பஞ்சத்திற்குப் பத்தாண்டுகள் கழித்து வடசென்னைக்கு வந்துசேர்ந்தவர் ஒரு பெண்மணி. ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் 1860-இல் ஒரு போதகரின் குடும்பத்தில் பிறந்த மாடில்டா மக்பெயில், பெண்கள் வைத்தியம் பயில்வதே அரிதாக இருந்த காலத்தில், லண்டனில் பெண்களுக்கென ஏற்பட்ட வைத்தியப் பள்ளியிற் கற்றுத் தேர்ந்து, 1888-இல் ஸ்காட்லாந்து பிரீ சர்ச் மிஷனைச் சேர்ந்த டாக்டராகச் சென்னையில் வந்திறங்கினார். ஆண் வைத்தியரிடம் நாடியைக் காட்டவும் கூசிய பெண்கள், பிரசவ வேதனையில் மருத்துவச்சியின் கைத்திறனையும் தெய்வத்தின் கிருபையையும் மட்டுமே நம்பியிருந்த காலம் அது. தாம் குடியிருந்த பங்களாவிலேயே அவர் மருந்து கொடுக்கத் தொடங்கினார். வருவோர் பெருகவே, ஒரு வீட்டைச் சிறு ஆஸ்பத்திரியாக்கினார். அதுவும் போதாமல், ராயபுரத்தை ஒட்டிய பழைய வண்ணாரப்பேட்டையில் பெரிய கட்டடம் எழுப்பத் திட்டமிட்டு, ஸ்காட்லாந்துச் சபைகளிடம் பல ஆண்டுகள் நிதி சேர்த்து, 1914-இல் அதைத் திறந்தார். அம்மிஷனின் பெண்கள் பகுதிக்குக் காரியதரிசியாக நெடுங்காலம் உழைத்த கிறிஸ்டினா ரெய்னி அம்மையாரின் பெயர் அதற்கு இடப்பட்டது. வடசென்னை ஜனங்களின் நாவில் அது ரெய்னி ஆஸ்பத்திரி ஆயிற்று. இங்கே தாதிகளுக்குப் பயிற்சி அளிக்கவும் ஏற்பாடாயிற்று. கணவனை இழந்தும் கைவிடப்பட்டும் நின்ற பெண்ணொருத்தி, தாதித்தொழில் பயின்று தன் கையால் சம்பாதித்துத் தலைநிமிர்ந்து நிற்க இத்தகைய மிஷன் ஆஸ்பத்திரிகள் வழிசெய்தன என்பது, கொடுத்த மருந்துக்குச் சற்றும் குறையாத உபகாரம்.

அதே 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி இரவில் ஜெர்மானியக் கப்பலான எம்டன் சென்னைக் கரையை அணுகிக் குண்டு வீச, துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. ஐரோப்பியப் போர் இவ்வாறு ராயபுரத்தின் வாசலுக்கே வந்துவிட்டது. மக்பெயில் அம்மையார் அந்தப் போரின் துயரத்தை நோக்கித் தாமே புறப்பட்டுச் சென்றார். டாக்டர் எல்ஸி இங்க்லிஸ் முயற்சியால் ஏற்பட்ட ஸ்காட்லாந்துப் பெண்கள் மருத்துவமனை ஸ்தாபனத்திற் சேர்ந்து, தேசத்தையே இழந்து சிதறிய செர்பிய ஜனங்களுக்கு வைத்தியம் செய்தார். பிரான்சில் ஆல்ப்ஸ் மலைச்சாரலில் உள்ள சலான்ஷ் என்னும் ஊரில், செர்பியச் சிறுவர்களுக்கென ஏற்பட்ட க்ஷயரோக மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் இருமும் பெண்களின் மார்பில் செவி வைத்துப் பழகிய அனுபவம், தாய்தந்தையரைப் பிரிந்த அயல்நாட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே உதவிற்று என்று எண்ணும்போது மனம் பெருமிதம் கொள்கிறது. மேலைநாட்டிலிருந்து கீழைநாட்டை நோக்கி மட்டுமே கருணை பாய்ந்தது என்று எழுதப்படும் சரித்திரங்களுக்கு இவ்வொரு வாழ்க்கையே தக்க மறுமொழி. போர் முடிந்ததும் அவர் ராயபுரத்துக்கே திரும்பி, ஏறத்தாழ நாற்பதாண்டு ஊழியம் நிறைந்தபின் ஓய்வு பெற்று, 1946-இல் காலமானார். மறு ஆண்டு தென்னிந்தியத் திருச்சபை உருவானது; ரெய்னி ஆஸ்பத்திரியும் காலப்போக்கில் அச்சபையின் உடைமையாகி, இன்றளவும் நடந்துவருகிறது.

சுதந்திரத்திற்குப் பிற்பட்ட காலத்தை விரிக்க இங்கே இடமில்லை. தேசப் பிரிவினையால் அகதிகளான ஜனங்களுக்கு உதவவென்று 1947-இல் புராட்டஸ்டண்டு சபைகள் சேர்ந்து தொடங்கிய நிவாரண ஸ்தாபனமே இன்று காசா என்று வழங்குவது. 1951-இல் இந்திய அமெரிக்க அரசாங்கங்கள் செய்துகொண்ட உடன்படிக்கையினால், தர்ம ஸ்தாபனங்கள் அனுப்பும் உணவுப் பொருள்கள் சுங்கவரியின்றி வந்திறங்கின; பால் பவுடரும் கோதுமையும் பள்ளிக்கூடங்களையும் சேரிகளையும் எட்டின. அரிசிச் சோற்றில் பழகிய வயிற்றுக்குக் கோதுமை ரவை வேற்றுப்பொருளாகவே இருந்தது. இலவசமாக வந்த பண்டம் கடைத்தெருவில் விலைபோனதும் உண்டு. இதைக் கண்ட பிறகே அந்த ஸ்தாபனங்கள், வேலைக்கு உணவு என்ற முறையில் கிணறு வெட்டவும் ஏரிக்கரை உயர்த்தவும் தானியத்தைப் பயன்படுத்தலாயின.

1964-இல் பர்மாவில் கடைகளும் தொழில்களும் தேசிய உடைமையாக்கப்பட்டபோது, ரங்கூனிலிருந்து கப்பல் கப்பலாகத் தமிழர் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர். தமிழ்நாட்டிற்கு வந்தவர்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் அவர்களுடைய குடியிருப்புகள் எழுந்தன. அக்காலத்தில் வியாசர்பாடிச் சேரியில் உழைத்தவர் இத்தாலிய சலேசியப் பாதிரியார் ஆர்ஃபியஸ் மாந்தோவானி. பீட்டிட்யூட்ஸ் என்று அவர் தொடங்கிய ஸ்தாபனம், நோயாளிக்கு மருந்தும் குழந்தைக்குக் கல்வியும் தொழிலில்லாதவனுக்குத் தொழிலும் என்று ஒரே வளாகத்திற் சேர்த்து நடத்தியது. 1967-இல் அவர் மறைந்த பின்னும் சலேசியர் அதைத் தொடர்ந்து நடத்தினர்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் கடல் பொங்கி வந்தபோது காசிமேடு முதல் எண்ணூர் வரையில் உள்ள மீனவர் குப்பங்கள் படகையும் வலையையும் வீட்டையும் இழந்தன. தேவாலயக் கூடங்களில் அன்று மத்தியானமே சமையல் தொடங்கியது. அடுத்த மாதங்களில் உலகின் பல பாகங்களிலுள்ள கிறிஸ்தவ ஸ்தாபனங்களிடமிருந்து பணம் வந்தது; அது படகாகவும் எஞ்சினாகவும் வலையாகவும் மாறியவரையில், 1877-இல் கலப்பையும் விதை நெல்லும் கொடுத்தவர்களின் மரபை வழுவாது பின்பற்றியது என்று சொல்வேன். குடியிருப்பு விஷயத்திலோ அவ்வாறு சொல்ல இயலவில்லை. திருவொற்றியூரை அடுத்த கார்கில் நகரில் அரசாங்கமும் தொண்டு ஸ்தாபனங்களும் அமைத்த தற்காலிகக் கொட்டகைகள் 2005 மழையில் நீரில் நின்றன. பிற்பாடு எழுந்த அடுக்குக் குடியிருப்புகளிற் பல கரையை விட்டு வெகுதூரம் தள்ளி அமைந்தன. விடியுமுன் கடலின் நிறத்தையும் காற்றின் போக்கையும் வாசலில் நின்றே பார்த்துத் தொழிலுக்குப் புறப்பட்ட மீனவருக்கு, அந்தத் தூரம் நாள்தோறும் கைப்பணம் கொடுத்துக் கடக்க வேண்டிய தூரமாயிற்று. படகையும் வலையையும் வைப்பதற்கு மூன்றாம் மாடியில் இடமில்லை. சிலர் அந்த வீடுகளை வாடகைக்கு விட்டுவிட்டுக் கரையோரக் குடிசைக்கே திரும்பியதை நன்றியின்மை என்று அதிகாரிகள் சிலர் குறைகூறினர். திரும்பியவர்கள் செய்தது, தம்மைப் பழைய நிலையில் தாமே நிறுத்திக்கொண்டதேயாகும்.